ஏழு முக்காலிச் சோற்றுக்கடை

சுந்தரேஸ்வரி முப்பத்தோரு வயது வரைக்கும் ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சென்னைக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கோவில்பட்டிக்கு வந்து ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும். இங்கே ஒரு பொம்பளை ஒண்டியாக ஹோட்டலுக்குள் நுழைந்தால், கூட யார் வருகிறார்கள் என்று சப்ளையர் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் "பார்சலாக்கா?" என்பான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தையல் கடை போட்டு இத்தனை காலமாகக் குப்பை கொட்டுகிறேன், நானும் இன்றைக்கு வரைக்கும் பார்சல்தான்.

சுந்தரிக்கு விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் உண்டு, பெய்யாவிட்டால் ஒன்றும் கிடையாது. புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் நைட்டி தைக்கும்போது அவள் மிஷின் என் மிஷினுக்குப் பக்கத்து மிஷின். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அவள் சுடலைமாடனைக் கும்பிடுகிறவள். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். அப்போதே அவளுக்கு அம்மா கிடையாது. பிறகு அப்பா சாமித்துரையும் போய்ச் சேர்ந்தார். வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிப் போனார்கள். அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மதினிக்கு வேறு ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு வருஷம் பொறுத்தாள். அப்புறம் ஊரைவிட்டுக் கிளம்பி, கோவில்பட்டியில் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தாள்.

அந்த வீட்டில் யாரோதான் சொல்லியிருக்கிறார்கள், ஜப்பானில் வயசாளிகளைக் கவனிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று. கோயம்புத்தூரில் தங்கி அவர்கள் பாஷையைப் படித்தாள், பரீட்சை எழுதினாள், பாஸாகிவிட்டாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ஏட்டி, கெழடுகளக் குளிப்பாட்டுததுக்கு அம்புட்டுத் தூரம் போவணுமா? இங்கன இல்லாத கெழடா?" என்று கேட்டேன்.

"இங்கன குளிப்பாட்டுனா வேலைக்காரிக்கா. அங்கன அதுக்கு ஒரு சட்டை குடுத்து, பேரு எழுதி மாட்டி விடுதாங்க" என்றாள்.

பேரை எழுதித்தான் மாட்டினார்கள். அது அவள் பேர் இல்லை. அந்த ஊரில் குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நமக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் கடைசியாக இருந்தது அப்பா பேர், அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒஸாகாவில் இருந்த முதியோர் இல்லத்தில் அவள் 'சாமித்துரை சான்' ஆனாள், சான் என்பது அங்கே மரியாதைக்குச் சேர்ப்பது. பாட்டிமாரெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டார்கள். செத்துப்போன அப்பாவை ஆளாளுக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது என்றும், முதல் மாசம் திரும்பிப் பார்க்கவே மறந்து போய்விடும் என்றும் சொன்னாள்.

லீவு நாளில் எனக்குப் போன் போடுவாள். வீடியோவில் அவள் முகத்தைவிடத் தட்டுதான் பெரிதாகத் தெரியும். அங்கே போனதும் முதல் வேலையாகத் தனியாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, யாரும் கேட்பதில்லை. ரயில் நிலையத்து பிளாட்பாரத்திலேயே ஒரு நூடுல்ஸ் கடை, நாற்காலி கிடையாது, நின்றபடியே உறிஞ்சிவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிட வேண்டும். ஒரு காப்பிக்கடையில் காலையில் காப்பி மட்டும் கேட்டால் போதும், கனமான ரொட்டி டோஸ்ட்டும் அவித்த முட்டையும் தானாகவே வந்துவிடும். முதல் நாள் அது வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்துத் தொடாமலே எழுந்து வந்துவிட்டாளாம். ஒரு சந்தில் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு அம்மாள் பணியாரச் சட்டி மாதிரி ஒன்றில் மாவு ஊற்றுவாள். உள்ளே ஆக்டோபஸ் துண்டு இருக்கும். இன்னொரு சந்தில் சாராயக்கடை. ஆபீஸ் முடிந்த ஆண்கள் கல்லாவை ஒட்டி வரிசையாக நின்று, டப்பா மீனைத் தொட்டுக்கொண்டு குடிப்பார்கள். அந்தக் கடையை மட்டும் வாசலோடு பார்த்ததாகச் சொன்னாள். நானும் நம்பினேன்.

சுற்றுலா வருகிற கூட்டம் இந்தச் சந்துகளுக்குள் வராது. அதனால்தான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். "இங்கன யாருமே யாரையும் கண்டுக்க மாட்டாவக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னவள், ஒரு மழைக்காலம் முடிந்ததும் அதையே வேறு குரலில் சொன்னாள். "லீவு நாளு பூரா, கடைக்காரங்கிட்ட கேக்கது தவிர வாயே தொறக்கதில்ல. அப்புறம் போன்ல உங்ககிட்ட பேசுனா தொண்ட கரகரங்குது" என்றாள். எனக்கு அன்றைக்குத் துணி வெட்டக் கை ஓடவில்லை.

அதற்குப் பிறகுதான் மிச்சிகோவின் கடை வந்தது.

மூடாத கடைகளைவிட மூடின கடைகள் அதிகமாக இருக்கிற ஒரு பழைய கடைத்தெருவில் அது இருந்தது. ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் ஏழு முக்காலிகள், அவ்வளவுதான் கடை. கண்ணாடி அலமாரியில் சின்னச் சின்னத் தட்டுகளில் சுட்ட அயிலை மீன், முள்ளங்கி, கீரை என்று வைத்திருப்பார்கள். வேண்டிய தட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சோறு பெரிசா, நடுத்தரமா, சின்னதா என்று மட்டும் கேட்பார்கள். புருஷன் உள்ளே நின்று மீன் சுடுவார், மிச்சிகோ சோறு போடுவாள். இரண்டு பேருக்குமே எழுபது தாண்டிவிட்டது. சுந்தரி முதல் நாள் மூன்று கிண்ணம் சோறு தின்றாளாம். மிச்சிகோ சிரித்துவிட்டு உன் பேர் என்ன என்று கேட்டாள். சாமித்துரை என்றதும், அது யாருடைய பேர் என்று கேட்டாள். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. அன்றைக்குப் பிறகு அந்த ஊரில் அவளை 'சுந்தரி சான்' என்று கூப்பிட ஒரு ஆள் கிடைத்தது.

ஷிப்ட் முடிந்ததும் நேரே அங்கேதான். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும் என்பதால் பெரும்பாலும் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். போய் உட்கார்ந்தால் கேட்காமலே சோறும் மீனும் வரும். எழுந்து வரும்போது "மறுபடி வாரேன்" என்று அந்தப் பாஷையில் சொல்லுவாள். நம் ஊர்ப் பழக்கம், வெறும் 'போறேன்' வாயில் வராது. மிச்சிகோ கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து தலை குனிவாள். ஆறேழு மாசம் போன் போட்டாலே மிச்சிகோ புராணம்தான்.

"பாவம்க்கா, அந்தக் கடைக்கு ஆளே வாரதில்ல. ரெண்டு பேரும் சும்மாவே உக்காந்திருக்காவ. நான் போனாத்தான் அவியளுக்குக் கொஞ்சம் பேச்சுத் துணை."

"நீ போய்த்தான் அந்தக் கடை ஓடுதாக்கும்" என்று கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள்.

பனிக்காலத்தில் மிச்சிகோவின் புருஷன் தவறிவிட்டார். கடை சில நாள் பூட்டிக் கிடந்தது, பக்கத்துக் காய்கறிக்கடையில் விஷயத்தைச் சொன்னார்கள். திறந்த அன்றைக்கே சுந்தரி ஓடினாள். பலகையின் ஓரத்தில் அவர் போட்டோ, முன்னால் ஊதுபத்தி, ஒரு கிண்ணம் சோறு. உள்ளே மிச்சிகோ தனியாக நின்று மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். சுந்தரியைப் பார்த்ததும் முக்காலியைக் காட்டி, எப்போதும் போலக் கிண்ணத்தை எடுத்துச் சோற்றை அள்ளினாள்.

சுந்தரிக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அது துட்டி வீடு. நம் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், சம்பந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவர வேண்டும். துட்டி கேட்கப் போனவர்கள் அங்கே கை நனைக்க மாட்டார்கள். வரும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லவும் கூடாது. அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். சுந்தரி அதைத்தான் செய்தாள். போட்டோவைக் கும்பிட்டாள், மிச்சிகோவின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அள்ளி வைத்த சோற்றைத் தொடாமல், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்துவிட்டாள்.

நம் ஊர்க் கணக்கில் பதினாறாம் நாள் கழிகிற வரைக்கும் அவள் அந்தத் தெருவுக்கே போகவில்லை. "வேத்தாளா இருந்தா கடதானேன்னு போய்த் தின்னுட்டு வந்துருவேன். அவிய என் மனுசங்கல்லாக்கா? அந்த வீட்டுல நான் எப்படித் திங்க?" என்றாள்.

அவள் செய்தது சரி என்றுதான் எனக்கும் பட்டது. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

பதினாறு கழிந்து, தலைக்குக் குளித்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனாள். மிச்சிகோ தலை குனிந்து வரவேற்றாள். யார் உள்ளே வந்தாலும் சொல்லுகிற வரவேற்பு. பழத்தை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லிப் போட்டோவின் முன்னால் வைத்தாள். அப்புறம், சோறு பெரிசா, நடுத்தரமா, சின்னதா என்று கேட்டாள்.

அதைச் சொல்லும்போது சுந்தரியின் உதடு கோணிக்கொண்டது. "இத்தன நாளும் அப்படிக் கேட்டதே இல்லக்கா."

சோற்றை வைத்துக்கொண்டே மிச்சிகோ ஒன்று சொல்லியிருக்கிறாள். "எல்லாரும் வந்தாவ. தெனமும் வந்து சாப்பிட்டாவ. அவருக்காவ ரெண்டு கிண்ணம் தின்னாவ. நீங்க மட்டுந்தான் வரல." கோபமாகச் சொல்லவில்லையாம். மழை வரவில்லை என்று சொல்லுகிற மாதிரி சொன்னாளாம்.

அங்கே அதுதான் துட்டி கேட்கிற முறை போல. கடைக்காரன் செத்தால் போய் உட்கார்ந்து அவன் கடைச் சோற்றைச் சாப்பிட வேண்டும். சுந்தரி விளக்கிச் சொல்ல எவ்வளவோ முயன்றாள். மருந்து சாப்பிட்டீர்களா, காலைத் தூக்குங்கள், எங்கே வலிக்கிறது, இதெல்லாம் அவளுக்கு அந்தப் பாஷையில் தண்ணீர் பட்ட பாடு. இதைச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. எங்கள் ஊர், சாவு, சாப்பிடக் கூடாது, நீங்கள் என் ஆட்கள் என்று துண்டு துண்டாகச் சொன்னாள். மிச்சிகோ கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அப்படியா" என்று சொல்லிப் பலகையைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகும் அவள் தினமும் போனாள். மிச்சிகோ ஒரு குறையும் வைக்கவில்லை. சிரித்தாள், மழையில் வந்தால் துண்டு கொடுத்தாள், சுந்தரி சான் என்றுதான் கூப்பிட்டாள். சோறு எந்த அளவு என்று மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டாள். "திட்டியிருந்தாக்கூடத் தாங்கிருவேங்க்கா" என்று சுந்தரி அழுதாள். எனக்கு அந்த மிச்சிகோவின் மேல் அப்படி ஒரு எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து ஒரு பிள்ளை தன் ஆள் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் இறங்கி வந்தால் என்ன? அப்புறம் யோசித்துப் பார்த்தால், புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்பவள் அவள். அவளை நான் என்ன சொல்ல?

நாற்பத்தொன்பதாம் நாள் அவர்களுடைய சடங்கு. அது முடிந்ததும் கடையை மூடிவிட்டு நகோயாவில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போவதாக மிச்சிகோ சொன்னாள். சுந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி நாள் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி ஷிப்டை மாற்றினாள். இங்கிருந்து கொண்டுபோன நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு எப்படியும் மனசை விட்டுப் பேசிவிடுவது, அந்தப் பதினாறு நாளும் தான் வராததற்கு அர்த்தம் என்னவென்று புரியவைத்துவிடுவது என்று பேச வேண்டியதை ஒரு வாரம் மனப்பாடம் செய்தாள். எனக்கே இரண்டு தடவை ஒப்பித்துக் காட்டினாள். ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. இங்கே கரண்ட் இல்லை, கடை வாசலில் வெக்கையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அவள் பிளாட்பார நூடுல்ஸ் கடையில் பட்டுச் சேலையோடு நின்றாள்.

"என்னட்டி, பேசுனியா?"

"இல்லக்கா."

கடைக்கு வெளியே தெரு வரைக்கும் ஆட்கள் நின்றார்களாம். நரைத்த தலைகள், கைக்குழந்தையோடு பெண்கள், கோட்டுப் போட்ட ஆண்கள், கை நிறையப் பூ. அவர்களில் பாதிப் பேர் சின்னப் பிள்ளையிலிருந்து அங்கே சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் காலையிலும் இரவிலும் வருகிறவர்கள், இவள் போனது ஆள் இல்லாத மதியத்தில். ஏழு முக்காலியிலும் ஆள், பின்னால் நின்றுகொண்டும் ஆள். நடுவில் மிச்சிகோ சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஓடி ஓடிச் சோறு போட்டாள். தலைகளுக்கு மேலே சுந்தரியைப் பார்த்ததும் கையை உயர்த்தி அசைத்தாள். அதற்குள் யாரோ கூப்பிட, திரும்பிக்கொண்டாள். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தார். இவள் வேண்டாம் என்று சொல்லி, கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

"அவியளுக்கு நாந்தான் தொணன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க்கா. அவியளுக்கு ஒரு ஊரே இருக்கு. ஒண்டியா இருந்தது நாந்தான்."

"போதும்ட்டி, ஊருக்கு வந்துரு" என்றேன்.

"அங்கன வந்தா மட்டும் யாருக்கா இருக்கா?" என்றாள். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. அந்த இரைச்சலில் அவளுக்கு என் குரல் கேட்கவில்லை.