கழிக்க மறந்த வேகம்

கிழட்டு நட்சத்திரம் ஒன்றைச் சுற்றியுள்ள வாயுவில் புது மூலக்கூறு கண்டுபிடித்துவிட்டதாக என் புராஜெக்ட் மேடத்திடம் அடித்துச் சொல்லிவிட்டேன். அதை நம்பி ஆராய்ச்சி மாநாட்டுக்கே எழுதிப் போட்டவர், சாமிக்கு நன்றி சொல்ல என்னையும் பௌர்ணமி கிரிவலத்துக்கு இழுத்துப் போனார்.

பாதி வழியில், அடி அண்ணாமலை அருகே, பெருமையாகச் செல்போனில் கணக்கை மறுபடி பார்த்தேன். நட்சத்திரம் நகர்ந்தால் அதிலிருந்து வரும் அலைவரிசையும் இடம் மாறும்; அந்த வேகத்தைக் கழிக்கவே இல்லை! கழித்தால், ஊருக்கே தெரிந்த சிலிக்கன் மோனாக்சைடு.

முன்னும் பின்னும் கூட்டம். எதிர்த்திசையில் யாரும் நடப்பதில்லை. பக்கத்தில் மேடம், வெறுங்காலோடு.

"மேடம்... அது புதுசு இல்ல. நான்தான் தப்பா போட்டுட்டேன்."

"அடப்பாவி! நன்றி சொல்லத்தானேடா நடக்குறேன்?"

"திரும்பிடலாமா மேடம்?"

"பாதியில எங்க திரும்புறது? மாநாட்டுக்கு எழுதினத நாளைக்கு வாபஸ் வாங்கிடலாம். இப்போ சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டே நட."

மீதி வழியெல்லாம் அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.