மழை வந்தால் பாருக்குப் போகிறவன்

போன செவ்வாய்க்கிழமை கல்யாணத் தரகர் போன் செய்தார். குரலே சரியில்லை.

"சார்... மாப்பிள்ளை வீட்டுல கொஞ்சம் யோசிக்கிறாங்க."

என்ன யோசனை? தவளக்குப்பத்துப் பையன். பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. என் மகள் மதிக்கும் அவனுக்கும் பிடித்துப்போய், தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இப்போது போய் யோசனையா?

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தெருவுல விசாரிச்சிருக்காங்க. மழை வந்தா போதும்... நீங்க பாருக்குக் கிளம்பிடுவீங்களாமே?"

எனக்கு வந்ததே கோபம்! நானா? கல்யாண வீட்டில் கொடுக்கும் சோடாவையே மோந்து பார்த்துக் குடிக்கிற நானா?

அப்புறம்தான் உறைத்தது. ஐயோ... அந்துவான் அண்ணன்!

அந்துவான் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. எனக்குத் தூண்டில் பழக்கியவர் அவர்தான். நாமெல்லாம் கொடுவா என்கிற மீனை அவர் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி 'பார்' என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

கொடுவாவுக்கு மழை என்றால் கொண்டாட்டம். ஆற்றுத் தண்ணீர் கலங்கி முகத்துவாரத்துக்கு வரும்போது, கூடவே அடித்து வரப்படும் பொடி மீனைப் பிடிக்கக் காத்திருக்கும். நாங்களும் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, ரப்பர் மீனை வீசிவிட்டு, அதற்காகக் காத்திருப்போம். இடி இடித்தால் மட்டும் தூண்டில் ராடைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவோம். இவ்வளவுதான் எங்கள் கெட்ட பழக்கம்.

ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இது எப்படிக் கேட்டிருக்கிறது, பாருங்கள். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். மழை பிடித்தால் வாசலில் வண்டியை நிறுத்தி, "தம்பி! பாருக்குப் போலாமா?" என்று கத்துவார். நானும் செருப்பைத் தேடிக்கொண்டே, "இதோ வந்துட்டேண்ணே! இன்னிக்கு ரெண்டாவது அடிக்காம திரும்பக் கூடாது!" என்று பதிலுக்குக் கத்துவேன். எங்கள் பாஷையில் மீனை 'அடிப்போம்'. பிடிக்க மாட்டோம். திரும்பி வரும்போது தொப்பலாக நனைந்து, கண் சிவந்து, சேற்றுக் காலோடு தள்ளாடித் தள்ளாடி நடந்து வருவேன்.

இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

நேரே எதிர்க்கடை மளிகைக்காரரிடம் போனேன். "ஏங்க, நீங்களா சொன்னீங்க?"

மனிதர் அசரவே இல்லை. "நல்லவிதமாத்தான் சார் சொன்னேன். குடிச்சாலும் வம்பு தும்புக்குப் போக மாட்டாரு, நேரா வீட்டுக்கு வந்துடுவாருன்னு சொன்னேன்."

நற்சான்றிதழ்! இதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. குடிக்கிறவனைக் குடிக்கிறான் என்று நிரூபிப்பது சுலபம். குடிக்காதவன் எதைக் காட்டி நிரூபிப்பான்? அதுவும் புதுச்சேரிக்காரன்! வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நம் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே ஒரு சிரிப்பு சிரிக்கிறார்களே... அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாரக் கடைசியில் கார் கட்டிக்கொண்டு இங்கே வந்து குடிப்பது அவர்கள். கெட்ட பெயர் நமக்கு.

சேதராப்பட்டில் வேலை முடிந்து வீடு திரும்பிய மதியிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கொடுவான்னு சொன்னா என்னாப்பா குறைஞ்சிடும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் போன் அடிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. பிரெஞ்சில் எனக்குத் தெரிந்ததே நாலு வார்த்தை. அதில் ஒன்று என் பெண்ணின் வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

பொறுக்க முடியாமல் பையனின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். கோபத்தில் வார்த்தை வேகமாக வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை மழைன்னு சொல்றாங்க. நீங்களே பாருக்கு வாங்க. நான் என்னா பண்றேன்னு உங்க கண்ணால பாருங்க!"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "வீட்டுல சொல்ல வேணாம். வரேன்" என்றார்.

ஞாயிறு மதியம் நல்ல மழை. அண்ணனும் நானும் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தோம். பையனின் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், ஒரு குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"வண்டி என்னாச்சு?" என்றேன்.

"திரும்பிப் போறப்போ ஓட்டக் கூடாது இல்லையா... அதான்" என்றார்.

கவனித்தீர்களா? விசாரணையில் ஃபெயில் ஆனவன் நான். முன்யோசனையோடு பஸ்ஸில் வந்தவர் அவர்!

முகத்துவாரத்தில் அண்ணன் ராடை எடுத்ததும் அவர் முகம் தொங்கிப்போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாருன்னீங்க..." என்றார். "இதான் பார்" என்று தண்ணீரைக் காட்டினார் அண்ணன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ராடை அவர் கையிலேயே திணித்தேன்.

வேண்டாவெறுப்பாக வீசிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு விருக்கென்று ஓர் இழுப்பு. குடை ஒரு பக்கம் பறந்தது. மனிதர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, "விடாதீங்க, விடாதீங்க!" என்று எங்களைப் பார்த்துக் கத்துகிறார். ராட் இருப்பதோ அவர் கையில்! கடைசியில் கை நீளத்துக்கு ஒரு கொடுவா. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த மழை எப்போங்க?"

மறுநாள் காலை தரகர் போன். "சார், பூரண சம்மதம்! நேத்து சாயந்தரம் மனுஷன் சொட்டச் சொட்ட நனைஞ்சு, கண்ணெல்லாம் சிவந்து, 'பொண்ணோட அப்பா தங்கமானவரு'ன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தாராம்." கொஞ்சம் தயங்கினார். "பையனோட அம்மா மட்டும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. சம்பந்திங்க ரெண்டு பேரும் சேர்ந்து இனிமே பார் பக்கமே போகக் கூடாதாம்."

எந்தப் பார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.