அம்மா எனக்கு வைத்த விலாசம்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் திரும்பிப் பார்ப்பது நான் மட்டுமாக இருக்காது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அதற்கு நடுவே ஒரு பழைய பங்களா, பங்களாவுக்குப் பிரியும் இடத்தில் ஒரு பஸ் ஸ்டாப், இலங்கையில் இரண்டு மூன்று தோட்டங்கள், எல்லாம் சேர்ந்து திரும்பிப் பார்க்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் பெண்டாட்டியின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தான். கடலுக்கு அந்தப்பக்கம் இன்னொரு துரை அதே பெயரை வைத்தான். அவனுக்கும் அதே பெயரில் பெண்டாட்டியா, மகளா, யாருக்குத் தெரியும்? கடைசியில் அந்தப் பெயர் லைன் வீட்டில் பிறந்த எனக்கு வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் புது டீச்சர் வருவார். வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி, கிறிஸ்தவப் பிள்ளையா என்று கேட்பார். இல்லை டீச்சர், எங்கள் வீட்டில் மாரியம்மன் கும்பிடுவோம் என்பேன். வகுப்பே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சண்டை பிடிப்பேன். ஊரில் வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டால், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தபடி அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"வெலாசம் மறந்துறக் கூடாதுல்ல."

அம்மா பிறந்தது இலங்கையில், என் பெயருள்ள தோட்டத்தில். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவர் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதிக் கப்பலேற்றியபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. கூடப் பிறந்த ஒரே அக்காவுக்கு, என் பெரியம்மாவுக்கு, அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். இங்கே வந்தவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், கட்டபெட்டுக்கு வேலை தேடிப் போயிருக்கிறார்கள். வழியில் ஒரு பலகையைப் பார்த்ததும் தாத்தா பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போட்டிருக்கிறார். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையின் உருவம் தெரியும். தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததை இருபது வருடம் தோளில் சுமந்தவர். பெட்டி படுக்கையோடு குடும்பமே அந்த இடத்தில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை.

நான் பிறந்ததும் அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அக்காவுக்குக் கடிதம் எழுதினார். பெண் பிறந்திருக்கிறது, நம் தோட்டத்துப் பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்று. அதற்குப் பதில் வரவில்லை. அங்கே கலவரம், லைன் வீடுகளை, அவர்கள் பாஷையில் லயங்களை, கொளுத்துகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அடுத்த ஓரிரு வருடம் அம்மா போட்ட கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை.

இதையெல்லாம் நான் கதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து குன்னூர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, கண்ணை மூடுவதற்குள் அக்காவின் குரலை ஒரு தடவை கேட்கவேண்டும் என்றார். என்னிடம் அவர் எதையும் கேட்டுப் பெற்றவரில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் வேலையைச் சொல்லவேண்டும். குன்னூரில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிறேன். மலையில் பாதி விலாசம் ஒரே மாதிரிதான் இருக்கும். என் பெயருள்ள பங்களா இப்போது ரிசார்ட்டாகிவிட்டது. பெங்களூர்க்காரர்கள் தேனிலவுக்கு வந்து தங்கி, மறந்துபோன சார்ஜரையும் ஸ்வெட்டரையும் அனுப்பச் சொல்லி உயிரை எடுப்பார்கள். ரிசார்ட்டுக்கு வந்தது தோட்டத்து ஆபீஸுக்குப் போகும், தோட்டத்துக்கு வந்த உரச் சீட்டு ரிசார்ட் வரவேற்பறையில் கிடக்கும். அதனால் யார் போன் எடுத்தாலும் முதலில் ஒன்றைக் கேட்பேன்: பக்கத்தில் என்ன இருக்கிறது? கோயிலா, பாலமா, பேக்கரியா? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற ஒரே பாடம் இதுதான். பெயரை நம்பாதே, பக்கத்தில் இருப்பதைக் கேள்.

அப்படிப்பட்ட நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

இரவு பகல் பார்க்காமல் போனில் தேடினேன். என் பெயரைத் தட்டினால் ஆஸ்திரேலியாவில் ஒரு தெரு வந்தது, ஒரு கப்பல் வந்தது, லண்டனில் யாரோ ஒரு பாட்டியின் கல்லறை வந்தது. நடுவில் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டமும் வந்தது. அதன் ஆபீஸ் நம்பரை எப்படியோ பிடித்தேன். எடுத்தவர் ஒரு தமிழ் கிளார்க், தங்கமான மனிதர். பெரியம்மாவின் பெயரையும் அவர் புருஷன் பெயரையும் சொன்னேன். இரண்டும் தோட்டத்துக்குப் பத்துப் பேர் வைத்திருக்கிற பெயர்கள். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். லயத்தில் விசாரித்தாராம். அந்தப் பெயரில் ஒரு வயசாளி இருந்தாராம், புருஷன் பெயரும் சரி. போன வருடம் தவறிவிட்டார் என்றார்.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு பதில் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, போனை வைத்தபோது துக்கத்தைவிட அப்பாடா என்றுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் அருவங்காட்டில் ஃபேக்டரி வேலை, சொந்த ஊர் பவானிப் பக்கம். இருபது வருடமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாயில் நுழையவில்லை என்று சாக்குச் சொல்வார். அவர் அன்றைக்கே சொன்னார், "எதுக்கும் இன்னொருக்கா நல்லா கேட்டுப்போட்டு அத்தைகிட்ட சொல்லு புள்ள. பதறாதே." எனக்கு எங்கே பொறுமை? மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மாதம், விடாத மழை. அம்மா அழவில்லை. குழாயடிக்குப் போய், அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். மூச்சுத் திணறல்காரர், வெந்நீர் வைக்கிறேன் என்று நான் கத்தக் கத்தக் கேட்கவில்லை. துக்கம் கேட்டால் பச்சைத் தண்ணீரில்தான் முழுகவேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்தார். அக்காவும் தங்கையும் ஸ்டூடியோவில் நின்று எடுத்த ஒரே படம். நான் வாங்கிப் போயிருந்த மாலையைப் போட முடியவில்லை, படத்தில் அம்மாவும் இருந்தாரே. கொஞ்ச நேரம் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கண்ணாடி மேல், அக்கா முகத்துக்கு நேராக மட்டும் சந்தனம் வைத்து, மாலையைப் படத்துக்குக் கீழே பலகையில் வைத்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அம்மா ஓய்ந்துவிடவில்லை. போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைக் கேட்பார். யார் காரியம் செய்தார்கள், எந்தப் பக்கம் புதைத்தார்கள், கடைசியில் என்ன நோய். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீஸிலும் சிடுசிடுத்தேன், ஒரு பார்சலை இரண்டு முறை தப்பாக அனுப்பினேன்.

சித்திரையில் ஒரு நாள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"பாலம் இன்னும் இருக்கான்னு கேட்டியா?"

எந்தப் பாலம் என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கிலீஷ் பெயரைத் துரைமாரும் தபால்காரரும்தான் சொல்வார்களாம், லயத்துச் சனங்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் ஒரு பெயர் வைத்திருப்பார்களாம். இங்கேயும் அப்படித்தானே, பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நாங்கள் எல்லோரும் கற்பூரக்காடு என்றுதான் சொல்கிறோம். அவர் பிறந்தது பாலத்தடித் தோட்டம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால்தான் லயம். "பாலத்தடின்னு சொல்லித்தானே கேட்ட?" என்றார். நான் சொல்லவில்லை. அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

வெளியே ஓடி, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று அந்தக் கிளார்க்கைக் கூப்பிட்டேன். உங்கள் தோட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். புதுமலை என்றார். பாலம் இருக்கிறதா என்றேன். இங்கே ஆறே இல்லையே தங்கச்சி என்றார். இதே பெயரில் வேறு பக்கம் இன்னும் ஒன்றிரண்டு தோட்டம் உண்டு, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு இது தேவைதான்.

திரும்பி வந்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா போட்டோவை இறக்கி முந்தானையால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உலர்ந்து போயிருந்ததால் எச்சில் தொட்டுத் தேய்த்தார். உயிரோடு இருக்கிறவளுக்குத் துக்கம் காத்தால் ஆயுசு கூடும் என்று சொல்லிச் சிரித்தார். ஆறேழு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே இலங்கை மலையகத்துக்காரர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில், தமிழில், பாலத்தடித் தோட்டம் என்றும் பெரியம்மா, பெரியப்பா பெயரையும் எழுதிப் போட்டேன். என் பெயரை எழுதவே இல்லை. இரண்டு வருடம் தேடியது ஒரே நாளில் கிடைத்தது. ஓர் ஆட்டோக்காரர், அது எங்கள் தோட்டம்தான், அந்தம்மாவின் மகளை எனக்குத் தெரியும் என்று நம்பர் அனுப்பினார். கலவரத்தில் வெளியேறியவர்கள் சில வருடம் கழித்து அதே லயத்துக்குத் திரும்பினார்களாம். பெரியம்மாவைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர், மகளிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மாவைத் தொட்டி மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் இஸ்திரி போட்ட சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்திருந்தார். போனில்தானே பேசப்போகிறோம் என்று நான் சொல்லவில்லை. கல் மேல் உட்காரவைத்து, ஸ்பீக்கரைப் போட்டு நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் குரல் எடுத்தது. நீலகிரியிலிருந்து பேசுகிறேன், உங்கள் அம்மாவின் தங்கச்சி மகள் என்றேன். அந்தப் பக்கம் விசும்பல்.

"அம்மா போன பங்குனியில தவறிட்டாங்க. ரெண்டு மாசம் ஆகல."

நான் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்துவிட்டது. ஐப்பசியில் நாங்கள் துக்கம் காத்தபோது பெரியம்மா உயிரோடு இருந்திருக்கிறார். கார்த்திகையிலும் மார்கழியிலும் இருந்திருக்கிறார். நான் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அம்மா அந்தக் குரலைக் கேட்டிருப்பார். தப்பு என்னுடையது. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் தள்ளிப் போய், தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். கடைசியில் கஷ்டப்பட்டாளா என்று கேட்டார். இல்லை, தூக்கத்தில் போய்விட்டார் என்றாள் அவள். யார் காரியம் செய்தது, எங்கே அடக்கம், எல்லாவற்றையும் கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் என்றாள். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உனக்கு என்ன பேர் வைத்தாள் என்று கேட்டார்.

அவள் சொன்னது என் பெயர்.

"நீங்க லெட்டர் போட்டீங்களாமே சித்தி, மகளுக்கு இந்தப் பேர் வச்சேன்னு. நான் அப்ப அம்மா வயித்துல. தங்கச்சி வெலாசம் மறந்துறக் கூடாதுன்னு எனக்கும் அதையே வச்சிட்டாங்க."

அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படி ஒரு குரலில் அம்மா என்னைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

"என்னம்மா?" என்று ஓடி வந்தேன். போனுக்குள்ளிருந்தும், "என்ன சித்தி?" என்றது.

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் கையை அசைத்தார்.

"ஒன்னைய இல்ல" என்றார்.