திருவொற்றியூருக்கு ஒரு மணியும் முப்பது அடி ஒயரும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் போகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தியது நான்தான். மடியிலிருந்த பைக்குள் அழைப்பு மணி. அதன் சுவிட்சின் மேல் என் முழங்கை. தண்டையார்பேட்டை தாண்டியதும் அது அலற, டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். “யோவ் பெருசு, பையில இன்னாய்யா வச்சிகினு கீற?” என்றார் கண்டக்டர். நாற்பத்தெட்டு வயதில் பெருசாம்! மணிச் சத்தத்தைவிட அதுதான் காதில் நின்றது.

இது எழுபத்து மூன்று ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு மணி மாட்டுவது என் பிழைப்பு. அங்கே ஒரு டாக்டரம்மா, மீன் விற்கும் ஆரோக்கியம் என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவள் மகள் பிலோமினாவுக்கு ஒன்பது வயது. கை கால் விறைப்பு, பேச்சு வராது. அம்மா மீனெடுக்கப் போன பிறகு தாகமெடுத்தால்கூட யாரையும் கூப்பிட முடியாது. மாதக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் அவளைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு விடுதியில் விட்டுவிடுவதாக முடிவு. மணியடிக்கக் கற்றுக்கொண்டால் போதும், அடுத்த வீட்டு பீவி ஓடி வருவார். “அரை மணி நேர வேலை” என்று வாயை விட்டுவிட்டேன்.

பஸ் 7.40-க்கு. பத்து கிலோமீட்டர், நாற்பது பைசா, என் உபயத்தால் ஐம்பத்தைந்து நிமிடம். இறங்கிக் கடல் பக்கம் கால் மணி நடை. ஒற்றை அறை, தகரச் சுவர். கீழே ஓரிடத்தில் மட்டும் தகரம் பள்ளம் பள்ளமாக நெளிந்திருந்தது. நடுவில் பாயில் பிலோ. மணியை பீவி வீட்டில் மாட்டி, முப்பது அடி ஒயர் இழுத்து, சிலேட்டு அகலப் பலகையில் பொருத்திய சுவிட்சை அவள் கைக்கடியில் வைத்தேன்.

“அழுத்தும்மா! அழுத்து!” என்று கத்தினேன். அவள் முயன்றாள். முயல முயலக் கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. நானே அந்தக் கையைப் பிடித்து அழுத்தினேன். மணி அடித்தது. பெருமையாக நிமிர்ந்தேன்.

“அட்ச்சது நீதான சார்?” என்றாள் ஆரோக்கியம். ஒன்றரை மணி நேரம் இதே கதை. ஆரோக்கியத்தின் முகம் வாடிக்கொண்டே வந்தது.

கடைசியில் பீவியே வந்து நின்றார். “இன்னா சார், புள்ளைக்குப் பாடம் எடுக்கிறியா, மீன் ஏலம் வுடுறியா? கொஞ்சம் வாய மூடிகினு குந்து.” கையில் டீயும் திணித்தார். குந்தினேன்.

பலகை சரிந்து பிலோவின் இடது கால் முட்டிப் பக்கம் கிடந்தது. டீ பாதியான போது முட்டி மெல்ல நகர்ந்தது. பக்கத்து வீட்டில் மணி!

தற்செயலோ? பலகையை ஒரு சாண் தள்ளி வைத்தேன். மனசுக்குள் இருபத்தேழு வரை எண்ணினேன். மறுபடி மணி. “இன்னாடி வோணும் ராஜாத்தி?” என்று பீவி குனிந்தார். பிலோ தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள். குடித்தாள். பிறகு எதுவும் வேண்டாமலே மூன்று முறை அடித்துச் சிரித்தாள். ஆரோக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “விடுதி கிடுதியெல்லாம் கெடக்கட்டும்” என்றாள்.

மணியும் ஒயருமாக இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: பஸ்ஸில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். குழந்தையின் கையைப் பிடித்து அழுத்தாதீர்கள். அது நீங்கள் அடிக்கிற மணி. கைதான் வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள். எது தன்னிஷ்டத்துக்கு அசைகிறதென்று பாருங்கள். கேட்டபின் காத்திருங்கள், ஒரு டீ குடிக்கும் நேரமாவது. நான் கற்றுக்கொடுத்ததில் இதுதான் சாரம் என்று திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் அளக்கவும் தயாராகிவிட்டேன்.

செருப்பை மாட்டும்போது, சும்மா, அந்தத் தகரப் பள்ளங்களைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

“அதுவா சார்? முன்னாடி இவ பாய் அங்கதான் கெடந்துச்சி. நான் கெளம்புனா போதும், முட்டியால டம்மு டம்முனு இடிச்சிகினே இருப்பா. அக்கம்பக்கம் ஒரே பேஜாரு. அதான் பாயை நடுவுல இழுத்துப் போட்டுட்டேன்.”