குற்ற எண் இல்லை

“காதுகுத்தா, கண்ணீரா?”

கடைக்குள் யார் காலெடுத்து வைத்தாலும், திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே தமிழ்மொழி கேட்டுவிடுவார். காதுகுத்து என்றால் இளஞ்சிவப்புப் பின்னணி, ஓரத்தில் மயில், வரிசையாகத் தாய்மாமன்கள். கண்ணீர் அஞ்சலி என்றால் நீல வானம், இரண்டு மேகம், எரிகிற ஒரு குத்துவிளக்கு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சி வரவேற்பு எல்லாமே அவரிடம் காதுகுத்தில் சேர்ந்துவிடும். சிரிக்கிற முகமா, சிரிக்காத முகமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி கண்ணாடிக் கதவில் படிகிற ஒரு சிற்றூரில் அவருடைய ஃபிளெக்ஸ் டிசைன் கடை. வயது நாற்பதை நெருங்குகிறது. சுடிதாருக்கு மேல் கணவர் தர்மனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். ஏசி குளிருகிறதாம், அந்தக் கடையில் ஏசி ஓடி நான் பார்த்ததில்லை. டீயை ஆறவிட்டு, மேலே ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். எதிரில் நிற்பவரின் முகத்தை வெட்டி ஒட்டப் போகிறவர் போலவே பார்ப்பார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், “ஒங்களுக்கு நெத்தி நல்லா அகலமுங்க. மேல எழுத்து போட எடம் கெடைக்கும்” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

செத்தவர்களுக்குச் சட்டை மாற்றுவதில் கெட்டிக்காரர். வீட்டில் கிடைக்கிற படங்களில் பெரும்பாலும் துண்டோடோ பனியனோடோதான் இருப்பார்கள். அவருடைய தம்பி வெள்ளைச் சட்டையில் நின்ற படம் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அந்தக் கழுத்துக்கு மேல் எந்தத் தலையும் பொருந்தியது. “எந் தம்பி சட்டைய மாட்டாம இந்தப் பக்கம் ஒரு ஆம்பளையும் மேல போனதில்லீங்க” என்று சொல்லிச் சிரிப்பார். தம்பி திருப்பூரில் நன்றாக இருக்கிறார்.

இந்தச் சிரிப்பெல்லாம் சென்ற ஆண்டுக்கு முந்தியது.

சென்ற ஆண்டு கலியம்மாள் என்கிற அம்மாள் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் சாமிதுரை பக்கத்திலிருக்கும் சுரங்கம் ஒன்றில் ஒப்பந்தக் கூலி. பின்பக்கமாக வந்த லாரி ஏறி இறந்துபோனார். லாரி பின்னால் வரும்போது பார்த்துச் சொல்ல அங்கே ஆள் போடவில்லை. அவராகத்தான் குறுக்கே வந்து விழுந்தார் என்று சுரங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

பதினாறாம் நாளுக்குப் பேனர் வைக்க வேண்டும். படம் இல்லை. ஆதார் அட்டையில் இருந்த முகத்தைக் கலியம்மாளே ஏற்கவில்லை. “இது யாரோ. இது அவரு இல்ல தாயி” என்றார். பேனருக்காக ஊரார் கொடுத்துவிட்டுப் போன பழைய கல்யாணப் படங்களையெல்லாம் தமிழ்மொழி திறந்து தேடினார். ஒரு பந்தியின் கடைசியில், சாம்பார் வாளியோடு குனிந்து, யாரோ கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்த்தபடி சாமிதுரை நின்றார். அந்த முகத்தை வெட்டியெடுத்து, பெரிதாக்கி, தம்பியின் சட்டையை மாட்டியதும் கலியம்மாள் வாயில் சேலையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

“அகால மரணம்னு போட்டுரட்டுமாக்கா?”

“அகாலம்னா?”

“காலம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாருன்னு.”

“அவரா போனாரு? கொன்னுட்டாங்க. அத அப்படியே போடு.”

தமிழ்மொழி ‘சுரங்கத்தில் கொல்லப்பட்ட’ என்று அடித்தார்.

சுரங்கத்துக்குத் திரும்பும் முக்கில் தர்மன் பேனரைக் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலை அது அங்கே இல்லை. பேனரை அவிழ்த்துச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்த ஜீப்பே கடை வாசலில் நின்றது. எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும் உள்ளே வந்தார்கள். யார் இந்த வாசகம் சொன்னது என்று கேட்டார்கள்.

“நாந்தான் சார் போட்டேன்” என்றார் தமிழ்மொழி. கலியம்மாளின் பெயரை அவர் சொல்லவில்லை.

“சிஸ்டத்த எடுத்துட்டுப் போறோம். பாத்துட்டு சாயங்காலம் குடுத்துடுவோம்.”

இரண்டு கம்ப்யூட்டர்களையும், படங்கள் சேமித்து வைத்திருந்த தனி டிஸ்கையும் கழற்றினார்கள். எடுத்ததற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தர்மன் கேட்டார். “என்னய்யா, சட்டம் பேசுறியா?” என்றார் எஸ்.ஐ. வயர்கள் மட்டும் மேசைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் தமிழ்மொழி போனார். நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குப் போனபோது எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். அடுத்த முறை இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர், எஸ்.ஐ.யைக் கேட்கச் சொன்னார். ஜாமீனில் வந்து தினமும் கையெழுத்துப் போட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அவரும் உட்கார்ந்து பழகிக்கொண்டார். அங்கே வருகிற ரௌடி ஒருவன், “நீ என்ன கேஸுக்கா?” என்று கேட்டானாம். “கேஸே இல்லப்பா” என்றதற்கு, “கேஸில்லன்னா வெளிய வர்றது கஷ்டம்க்கா” என்றானாம். சொல்லிவிட்டு, “அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க” என்றார் தமிழ்மொழி.

கடை மூடிக் கிடந்தது. அதைவிட அவரைத் தின்றது வேறொன்று. அந்த டிஸ்கில் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள். மஞ்சள் நீராட்டுக்கு அலங்கரித்து எடுத்த படம், பேனருக்குத் தேர்வாகாத படம், வீட்டில் சாதாரணமாக எடுத்த படம். பெரியம்மாள் என்பவர் கடைவீதியில் வைத்தே கேட்டுவிட்டார்: “எம் பேத்தி போட்டோவ ஒன்ன நம்பித்தான குடுத்தேன். இப்ப ஸ்டேஷன்ல எவன் எவன் ஒக்காந்து பாக்குறானோ?” ஒருநாள் நிலையத்தில் உள்ளறைக் கதவு திறந்திருந்தபோது, அங்கே தன் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததைத் தமிழ்மொழி பார்த்தார். இரண்டு பேர் அதன் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பார்த்தார்கள் என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்று, “சார், எம்மேல ஒரு கேஸாவது போடுங்க” என்றிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். “ஒம்மேல என்னம்மா கேஸு? நீ என்ன தப்பு பண்ண?”

பெரம்பலூரில் வக்கீல் அறிவழகனைப் போய்ப் பார்த்தார்கள். மேசையில் புத்தகத்தைத் திறக்காமலே அவர் விளக்கினார். “சந்தேகம் வந்தா போலீஸ் பொருள எடுக்கலாம், அதுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா எடுக்கறத வீடியோ புடிக்கணும். சாட்சி கையெழுத்தோட பட்டியல் போட்டு, ஒங்களுக்கு ஒரு காப்பி குடுக்கணும். எடுத்தோம்னு உடனே மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லணும். இதுல ஒண்ணுமே நடக்கல. கேஸ் இல்லாட்டியும் திருப்பிக் குடுக்கச் சொல்லி நாம கோர்ட்டுக்குப் போகலாம். பொருள் ஒங்களுது.”

“இவ்வளவு இருக்கா சார் எனக்கு?” என்றாராம் தமிழ்மொழி.

“இருக்கும்மா. வாங்கறதுதான் பாடு.”

மனு போட்டார்கள். வழக்குப் பதிந்தால் போலீஸ் போடுகிற குற்ற எண் குறிப்பிடப்படவில்லை என்று கோர்ட் அலுவலகம் மனுவைத் திருப்பியது. குற்ற எண் இல்லை என்பதுதான் எங்கள் குறையே என்று அறிவழகன் எழுதி மறுபடி தாக்கல் செய்தார். தர்மன் பயந்தார். “விட்டுரு. வேற சிஸ்டம் கடனுக்கு வாங்கிக்கலாம். நாளைக்கு என் வண்டிய மறிப்பானுங்க” என்றார். மறிக்கவும் செய்தார்கள். புகைச் சான்றிதழ் காலாவதியானதற்கு ஒரு முறை, கண்ணாடி உடைந்ததற்கு ஒரு முறை. அதற்கெல்லாம் ரசீது கொடுத்தார்கள்.

மாஜிஸ்திரேட் விளக்கம் கேட்டதும் போலீஸ் அறிக்கை வந்தது. மனுதாரர் தாமாகவே முன்வந்து கம்ப்யூட்டர்களை விசாரணைக்கு ஒப்படைத்தார் என்றும், அவை பத்திரமாக உள்ளன என்றும் அதில் இருந்தது. வாசகம் அமைதியைக் கெடுக்கக்கூடியது என்று காட்ட, பேனரைப் படமெடுத்து அதன் நகலையும் இணைத்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு, எந்தச் சட்டப்படி இத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எஸ்.ஐ. ஏதோ முணுமுணுத்தார். பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவானது. அறிவழகனுக்குச் சந்தோஷம். கோர்ட் வாசலிலேயே கைகொடுத்தார்.

இரண்டு கம்ப்யூட்டர்களும் கழிப்பறைக்குப் பக்கத்து அறையிலிருந்து வந்தன. ஒன்றின் மேல் யாரோ பெயின்ட் டப்பாவை வைத்து எடுத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இயக்கினால், உள்ளே எதுவும் இல்லை. புதிதாக வாங்கியது போல் காலியாக இருந்தன. தனி டிஸ்க் வரவேயில்லை. நிலையத்தில் கேட்டபோது எழுத்தர், “எங்ககிட்ட வந்தப்பவே இப்படித்தாம்மா இருந்துச்சு. டிஸ்க்குன்னு ஒண்ணும் வரலியே. பட்டியல் எதும் வெச்சிருக்கியா?” என்றார். சுருட்டிக் கொண்டுபோன பேனரையும் தமிழ்மொழி கேட்டார். குப்பையோடு போயிருக்கும் என்றார்கள்.

ஐகோர்ட் போகலாம், நஷ்டஈடு கேட்கலாம் என்று அறிவழகன் இப்போதும் சொல்கிறார். உரிமை இருக்கிறதாம். “இருக்கட்டும் சார்” என்கிறார் தமிழ்மொழி. அந்த ‘இருக்கட்டும்’ போகலாம் என்பதா, வேண்டாம் என்பதா என்று அவருக்கே தெரியவில்லை. கடை திறந்திருக்கிறது. போட்டோவோடு வருகிறவர்கள், வேலை முடிந்ததும் பக்கத்திலேயே நின்று, “அழிச்சுருங்க” என்கிறார்கள். அழித்துக் காட்டுகிறார். ஒருவரும் இப்போது படத்தை அங்கே விட்டுவிட்டுப் போவதில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது கலியம்மாள் வந்தார். முதலாண்டு நினைவுநாள் வருகிறது. படம் வேண்டும். பந்திப் படம் டிஸ்கோடு போய்விட்டது. அந்தக் கல்யாண வீட்டில் கேட்டுப் பார்த்தாயிற்று, அவர்களிடமும் இல்லை. பேனரை அன்று போனில் எடுத்தவர்கள், ஜீப் வந்த செய்தி கேட்டதுமே பயந்து அழித்துவிட்டார்கள். கலியம்மாள் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, “அப்ப அவரு மொகமே இல்லியா தாயி?” என்றார்.

தமிழ்மொழி அலமாரியிலிருந்து வக்கீல் கொடுத்த காகிதக் கட்டை எடுத்தார். போலீஸ் அறிக்கையின் நகலில் கடைசித் தாள். பேனரின் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். வாசகம் தெளிவாக விழுந்திருந்தது, அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். முகம் மசிக் கறை போல இருந்தது. அதை ஸ்கேனரில் வைத்தார். திரையில் பெரிதாக்கினார். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒவ்வொரு கட்டமாக வெளுக்க ஆரம்பித்தார். டீ வந்தது, ஆறியது, யாரும் தொடவில்லை. நெற்றி வந்தது. ஒரு கன்னம் வந்தது. மூக்கின் தண்டு மெல்லத் தெரிந்தது.

கலியம்மாள் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார்.

“மூக்கு இப்படி இருக்காது. இங்கன கொஞ்சம் வளைஞ்சிருக்கும்.”

தமிழ்மொழி அதுவரை போட்ட மூக்கை அழித்தார். தன் நாற்காலியைத் தள்ளி, கலியம்மாளுக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

“எங்கேருந்து வளையும்க்கா? காட்டுங்க” என்றபடி மறுபடி ஆரம்பித்தார்.