இரண்டு நிமிட வரவேற்புரை

மைக் கைக்கு வந்தால் எனக்குப் புத்தி கெட்டுவிடும். மலேசியாவிலிருந்து வந்த பள்ளிப் பெண்களின் ஹாக்கி அணியை வரவேற்று, இன்று காலை கடலூரில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் சங்க காலத்தில் தொடங்கினேன். ஹாக்கிக்கு வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

இப்போது சிதம்பரம் கீழ சன்னதியில் நிற்கிறோம். கோயில் நடை சாத்தியாகிவிட்டது. மலேசியா என்று எழுதிய சட்டையில், செருப்பைக் கழற்றிவிட்ட பெண்கள் சுடும் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். இரவு அவர்களுக்குச் சென்னையில் விமானம்.

செருப்புக் கடை அம்மாளிடம் கேட்கிறேன்.

"எப்ப தொறப்பாங்க?"

"இனிமே சாயந்தரந்தான் சார். கடல் தாண்டி வந்த புள்ளைங்கள செத்த முன்ன கூட்டியாரக் கூடாதா?"

"வழியில லேட்டாயிடுச்சு" என்கிறேன். வழியில் ஒரு மாடுகூடக் குறுக்கே வரவில்லை.

"பரவாயில்ல அங்கிள்" என்கிறாள் அணியின் கேப்டன். "அம்மா நடராஜரப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. கோபுரத்த போட்டோ எடுத்து அனுப்பிடறேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சென்னைக்குக் கிளம்புகிறோம். வேனை ஓட்டுகிறவன் என் மைத்துனன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் மெல்லத் திரும்புகிறான்.

"வருத்தப்படாதிங்க மாமா. நீங்க வரிங்கன்னு சாமிக்கு யாரோ சொல்லிருப்பாங்க. எங்க மைக்க புடிச்சிடுவீங்களோன்னு கதவ சாத்திக்கிட்டாரு."