சைவ வீட்டுக்குப் போன காளான்

காளான் பறிக்கப் போகிறவள் கையில் இரும்பு கொண்டு போகக் கூடாது என்பார்கள். கத்தி பட்ட இடத்தில் அடுத்த வருஷம் முளைக்காதாம். உண்மையோ பொய்யோ, நான் கொண்டு போனதில்லை. இரண்டு விரலால் அடியைப் பிடித்து ஒரு திருகு திருகினால் மண்ணோடு வந்துவிடும். என் மகளுக்கும் அதுதான் பழக்கம். நெடுமங்காட்டுக்குக் கிழக்கே, நான் பால் வெட்டின ரப்பர் தோட்டத்துக்கு மேலே, யாரும் கை வைக்காமல் விட்ட ஒரு காடு இருந்தது. அங்கே என் கண்ணைவிட அவள் கண்தான் முந்தும். இடவ மாதம், அதாவது வைகாசி, பிறந்து முதல் இடி இடித்துவிட்டால் போதும், விடியுமுன்னே என்னை உலுக்குவாள்.

"எழும்பும்மா, வெயில் ஏறினா எல்லாம் போயிரும்."

சருகை விலக்கினால் பொரி சிதறிக் கிடப்பது போல வெள்ளை வெள்ளையாக இருக்கும். அரிக்கூண் என்று இங்கே சொல்வார்கள். வட்டை இலையில் பொதிந்துகொண்டு, வரும் வழியில் அயனி மரத்தடியில் விழுந்த சக்கையையும் பொறுக்கிக்கொண்டு வருவோம். பலாவின் தங்கச்சி மாதிரி, கையில் அடங்குகிற பழம். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்றுபோகும். அவள் அப்பாவும் இல்லை. அந்த நாட்களில் எங்கள் கலத்தில் சோற்றோடு விழுந்தது காடு கொடுத்ததுதான். நான் யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்து அவள் பட்டணத்தில், சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். ஆரியசாலையில் மிளகும் வற்றலும் மொத்தமாக விற்கிற வீட்டுப் பையன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக்காரர்கள். பையனின் அம்மா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"மீன், முட்டை வாசமே எங்க வீட்டுல ஆகாது. பாத்துக்கிடுங்க."

மகள் தலையாட்டினாள். நானும் சரி என்றேன். மீனை அன்றைக்கே விட்டுவிட்டாள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் இடவத்தில் நான் தனியாகக் காட்டுக்குப் போனேன். அந்த வருஷம் காளான் அள்ள அள்ளக் கிடந்தது. சம்பந்தி வீட்டுக்கு மற்றவர்கள் லட்டும் ஜிலேபியும் கொண்டு போவார்கள். என்னிடம் இருந்ததிலே நல்லது இதுதான். மீன் இல்லை, கறி இல்லை, மண்ணில் முளைக்கிறது, ரத்தமா எலும்பா என்று நினைத்தேன். புது இலையில் பொதிந்து, இரண்டு அயனிச் சக்கையும் வைத்து, முதல் பஸ்ஸில் ஏறிக் கிழக்கேகோட்டையில் இறங்கி நடந்தேன்.

சம்பந்தியம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். பொதியை அவிழ்த்தாள்.

"என்ன மதினி இது?"

"காளான். இன்னைக்கு விடியப் பறிச்சது."

சுட்டதுபோலக் கையை எடுத்தாள். "சிவ சிவா! கறியும் இதுவும் ஒண்ணுல்லா எங்களுக்கு. வாசப்படி ஏத்த மாட்டோமே."

"அய்யே, நாய்க்குடை!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

அது என்னை அவ்வளவாகச் சுடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு வழக்கம். தெரியாது மதினி என்று சொல்லி மூடியிருப்பேன். அதற்குள் சம்பந்தியம்மா, உள்ளேயிருந்து வந்து நின்ற என் மகளைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீயும் இதத் தின்னுதான் வளந்தியாட்டி?"

"அய்யோ, இல்ல அத்தை. எங்க வீட்டுல யாரும் தொட மாட்டோம். அம்மா வேற யாருக்கோ கொண்டு போறா போல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது அப்படித்தான் பார்ப்பாள்.

"ஆமா, கோட்டையில ஒருத்தருக்கு. மறந்து இங்க அவுத்துட்டேன்" என்றேன்.

பழத்தை எடுத்துக்கொண்டார்கள். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். வீடு வந்து சேரும்போது பொதி கறுத்துத் தண்ணீர் விட்டிருந்தது. தென்னை மூட்டில் கொட்டினேன்.

அடுத்த இடவத்தில் இடி இடித்ததும் அவளே வந்தாள், ஒற்றைக்கு, புருஷனைக் கூட்டாமல். எனக்குக் காய்ச்சல் என்று அங்கே சொல்லிவிட்டு வந்திருந்தாள். சின்ன உள்ளியும் தேங்காயும் போட்டு வதக்கிக் கொடுத்தேன். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, குத்தவைத்து, சட்டியை வழித்துத் தின்றாள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், மோந்து பார்த்தாள், மறுபடியும் கழுவினாள். அவர்கள் கடைக் கிராம்பை வாயில் போட்டு மென்றுகொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

வருஷா வருஷம் இதுதான். ஒவ்வொரு இடவத்துக்கும் எனக்கு ஒரு காய்ச்சல். அவள் தின்னட்டும் என்று நானும் பறித்தேன். ஆனால் அந்தக் கிராம்பு வாசம் மட்டும் எனக்கு ஆகாமல் போய்விட்டது. இன்றைக்கும் குழம்பில் நான் கிராம்பு போடுவதில்லை.

ஒரு வருஷம் அவள் பாதி தின்றுகொண்டிருக்கும்போது முற்றத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மருமகன், காய்ச்சல்காரியைப் பார்க்க வந்திருக்கிறார். நான் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் மகள் கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் வாயைத் துடைத்தாள்.

"எந்தா அத்தை, காய்ச்சலுக்கு நாய்க்குடையா மருந்து? வாசம் ரோடு வரைக்கும் வருதே!" என்று சிரித்தார் அவர். நல்ல மனுஷன், மனசில் வைத்துச் சொல்லவில்லை.

"நான் சொன்னா கேக்கணுமே" என்றாள் என் மகள். அவளும் சிரித்தாள். "இந்த அழுக்கெல்லாம் திங்காதேன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு. காட்டுல கெடந்த புத்தி."

"போட்டே, விடு, வயசானவங்க" என்றார் அவர்.

கிண்ணத்தில் அவள் பிசைந்து உருட்டின உருண்டை அப்படியே இருந்தது, விரல் பதிந்த பள்ளத்தோடு. அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை எடுத்துத் தின்றேன்.

மறு வருஷமும் வந்தாள். முற்றத்தில், ரோட்டைப் பார்த்து ஒரு முக்காலி போட்டு, அதன் பக்கத்தில் கிண்ணத்தை வைத்திருந்தேன்.

"இங்கயா?"

"இங்கதான்."

"ரோட்டுல ஆளு போகுதும்மா."

"போட்டும். களவா பண்ணுதோம்? நம்ம சோறுதானே."

"உனக்கென்ன, நீ இங்க இருக்கே. நான்லா அங்க குடித்தனம் பண்ணணும்."

"அங்க நீ தின்னாண்டாம். யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். என் வாசல்ல, வெளிச்சத்துல இருந்து தின்னு. அவ்வளவுதான் கேக்கேன்."

கிண்ணத்தைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினது தொண்டையில் தெரிந்தது. தோள்பையைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"பஸ் வந்துரும்" என்றாள்.

இப்போது தீபாவளிக்கு வருகிறாள், பெட்டிப் பலகாரத்தோடு. நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள். இடவத்தில் வருவதில்லை. நானும் வா என்று சொல்லி அனுப்புவதில்லை.

இடி இடித்தால் நான் இன்னும் காட்டுக்குப் போகிறேன். மேடு ஏற முட்டி வலிக்கிறது, ஏறத்தான் செய்கிறேன். எனக்கு ஒருத்திக்கு வேண்டியதை மட்டும் பறிக்கிறேன். மிச்சத்தைச் சருகு போட்டு மூடிவிட்டு வருகிறேன். வெயில் ஏறினால் கறுத்துப் போகும் என்று தெரியும். போகட்டும்.